நகர் அமைப்பும் அயலான் நலமும்

நகர் அமைப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நீலத்தாளில் வரைந்த படமும், அளவுச் சங்கிலியும், பொறியாளர் அலுவலகமுமே நினைவுக்கு வருகின்றன. அது துறை கற்ற சிலரின் வேலை, நமக்கு அதில் இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், மழைநீர் எவ்வழியே ஓட வேண்டும், பள்ளிக்கூடம் எங்கே, சந்தை எங்கே, உழைக்கும் ஏழை குடியிருக்க இடம் எங்கே என்று தீர்மானிப்பதே நகர் அமைப்பு. இவற்றுள் எதைத் தீர்மானித்தாலும் அதனால் ஒருவர்க்கு வாழ்வும் மற்றொருவர்க்குத் தாழ்வும் விளையக்கூடும். ஆகவே அது அளவுக் கணக்கு மட்டும் அன்று. அறக் கணக்கும் ஆகும்.

அந்த அறக் கணக்கைக் கிறிஸ்தவ நோக்கில் பார்ப்பதே இன்றைய பேச்சின் பொருள். பிற சமயத்து மாணவர்கள், இதில் தமக்கு என்ன தொடர்பு என்று எண்ண வேண்டுவதில்லை. தெருவும் குளமும் ஆறும் எல்லார்க்கும் பொது; அவற்றைப் பற்றிய அறமும் பெரும்பாலும் பொதுவே. நான் தென்சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன். ஆதலின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் மூன்று பகுதிகளையே பாடப் புத்தகமாக விரித்துக்கொள்கிறேன்.

முதலில் வேதாகமம் நகரத்தைப் பற்றி என்ன கூறுகிறது என்று காண்போம். அதன் முதற் புத்தகமாகிய ஆதியாகமம் மனிதனை ஒரு தோட்டத்தில் வைக்கிறது. கடைசிப் புத்தகமாகிய வெளிப்படுத்தின விசேஷமோ ஒரு நகரத்தோடு முடிகிறது. அந்நகரத்தின் நடுவே ஆறு ஓடுகிறது. ஆற்றின் இரு கரையிலும் மரம் நிற்கிறது. நகரம் என்பது பாவத்தின் இருப்பிடம், அதை விட்டு ஓடிவிட வேண்டும் என்பது வேதாகமத்தின் முடிவன்று என்பது இதனால் புலனாகும்.

இடையில் வரும் செய்திகள் இன்னும் நுட்பமானவை. உபாகமத்தில் ஒரு கட்டட விதி இருக்கிறது. புது வீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் தவறி விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அவ்விதியின் கருத்து. வீடு என் சொத்து, அதை என் விருப்பம்போல் கட்டுவேன் என்னும் வாதத்திற்கு அங்கே இடமில்லை. எண்ணாகமம் லேவியர்க்குக் கொடுக்கப்பட்ட 48 பட்டணங்களைச் சுற்றிலும் வெளிநிலம் விட்டுவைக்க வேண்டும் என்று அளவோடு கூறுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி, பிறர்க்கு இடமின்றிப் போகும் வரையில் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொள்வோரைக் கடிந்துரைக்கிறார். நாபோத் என்னும் குடியானவன் தன் முன்னோர் தந்த திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்ததால், ஆகாப் அரசன் பொருட்டுப் பொய்ச்சாட்சி வைத்துக் கொல்லப்பட்ட வரலாறும் நாம் அறிந்ததே. நிலத்தைக் கையகப்படுத்துவதில் நேரும் அநீதி இன்று நேற்றுத் தோன்றியதன்று.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் எல்லாவற்றினும் முக்கியமானது. நீங்கள் இருக்கும் அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அதன் நலத்திலேதான் உங்கள் நலமும் இருக்கிறது என்பது அதன் சாரம். அந்த நகரம் அவர்களுடைய சமயத்தாரின் நகரம் அன்று என்பதைக் கவனியுங்கள். கிறிஸ்தவன் தன் கோயிலுக்கும் தன் சபையாருக்கும் மட்டும் கடமைப்பட்டவன் அல்லன், ஊர் முழுமைக்கும் கடமைப்பட்டவன் என்பது இதனால் பெறப்படும்.

இவற்றைத் திரட்டினால் மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. நான் கட்டுவது என் அயலானுக்குத் தீங்கு செய்யாதிருக்கிறதா? எளியவனுக்கு அதில் இடம் இருக்கிறதா? தீர்மானம் செய்யும் இடத்தில் அவனுடைய குரல் கேட்கப்படுகிறதா? இம்மூன்று வினாக்களையும் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊரைச் சுற்றிவருவோம்.

மயிலாப்பூர் எந்த வாரியமும் அமைத்த ஊர் அன்று. கபாலீசுவரர் கோயில், குளம், நான்கு மாட வீதிகள், அவற்றை ஒட்டிய கடைத்தெரு என்று நடந்து செல்வோருக்காக அது வளர்ந்தது. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளில் அந்த வீதிகளில் வண்டிகளுக்கு இடமில்லை. வீதி மக்களுக்கே உரியதாகிறது. குளம் கோயிலுக்கு மட்டும் உரிய அழகன்று; சுற்றுப்புறத்துக் கிணறுகள் வற்றாதிருப்பதற்கும் அது துணை. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, குளம் வெட்டிய நம் முன்னோர் அறிந்திருந்த உண்மையே மீண்டும் சட்டமாயிற்று. என் வீட்டுக் கூரையில் விழும் மழை என் அயலான் கிணற்றுக்கும் உரியது என்பது உபாகமத்துக் கைப்பிடிச்சுவருக்கு இணையான விதி எனலாம்.

அதே மயிலாப்பூரின் கடற்கரைப் பக்கத்தில், போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் குடியேறிய சாந்தோம் இருக்கிறது. அப்போஸ்தலனாகிய தோமாவின் கல்லறை என்று மரபு கூறும் இடத்தின்மேல், 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட இன்றைய பேராலயம் நிற்கிறது. அதனைச் சூழ்ந்து மீனவர் குப்பங்கள் உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது முதலில் அடிபட்டவர்கள் அவர்களே. 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடையூறு என்னும் காரணத்தால், கடலோர லூப் சாலையிலிருந்து அவர்களுடைய மீன் கடைகள் அகற்றப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. சாலைக்கு முன்பே கரையும் குப்பமும் அங்கே இருந்தன என்பது மீனவர் வாதம். சாலை எல்லார்க்கும் பொது என்பது மறுவாதம். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. முதலில் மாற்றிடம், பிறகு அகற்றம் என்னும் முறை தலைகீழானால் இடைப்பட்ட நாட்களில் பட்டினி கிடப்பவன் யார் என்பதை மாணவர்கள் சிந்திக்க வேண்டும். இயேசுநாதர் தம் முதற் சீடர்களை வலை வீசும் மீனவரிலிருந்தே அழைத்தார் என்பதை நினைவிற்கொள்ளும் கிறிஸ்தவனுக்கு, கடற்கரை வெறும் உலாவிடமாகத் தோன்றாது.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த பேத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியக் கிறிஸ்தவ வணிகர், பரங்கிமலைக்குச் செல்லும் வழியில் மக்கள் அடையாற்றைக் கடக்கப் படும் துன்பத்தைக் கண்டு, 1726-இல் தம் சொந்தப் பொருளால் சைதாப்பேட்டையில் ஒரு பாலம் கட்டினார். 30,000 வராகன் செலவிட்டார் என்று கூறுவர். அதை மர்மலாங் பாலம் என்றனர். மாம்பலம் என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது என்பது பலர் கருத்து. கட்டியதோடு நில்லாமல், பாலத்தைப் பழுதுபார்ப்பதற்கென்றும் அவர் தனியே பொருள் வைத்தார். இதுவே நான் சொல்ல விரும்பும் செய்தி. புதிதாகக் கட்டித் திறப்புவிழா நடத்துவோர் பலர். ஆண்டுதோறும் கால்வாயைத் தூர்வார வேண்டுமே என்று கவலைப்படுவோர் சிலர். அப்பாலத்துக்குப் பதிலாக 1966-இல் எழுந்த புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. சைவத் தமிழறிஞர் ஒருவரின் பெயரும் ஆர்மீனியக் கிறிஸ்தவர் ஒருவரின் நினைவும் ஓரிடத்தில் கூடுவது நம் நகரத்துக்குப் பொருத்தமே.

இனி தியாகராய நகருக்கு வருவோம். மயிலாப்பூருக்கு மாறாக, இது திட்டமிட்டு அமைத்த நகர். முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் நகர் அமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவர விரும்பினார். 1914-இல் அப்பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னையின்மேல் குண்டு வீசிய அதே எம்டன்தான். அவர் மனம் தளரவில்லை. நண்பர்கள் உதவியால் படங்களை மீண்டும் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மாகாணத்து நகரங்கள் பலவற்றையும் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நோயை அறியாமல் மருந்து கொடாதே என்பது அவர் கொள்கை. பழைய தெருக்களை அடியோடு இடித்துத் தள்ளாமல், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிது திருத்துக என்றார். 1920-இல் சென்னை நகர் அமைப்புச் சட்டம் நிறைவேறியது. அக்காலத்தில் மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நெடுந்தொலைவு பரந்து கிடந்த நீண்ட ஏரியின் ஒரு பகுதியை வற்றச்செய்து, 1923 முதல் புதிய நகர் உருவாக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவராக விளங்கிய சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அவர் தலைமையில் இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க மன்றம் இசைந்தது. உள்ளாட்சி என்பது விளக்குக் கம்பமும் குப்பைத் தொட்டியும் மட்டும் அன்று என்பதற்கு இது சான்று.

நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், இருபுறமும் வீட்டு மனைகள் என்று அழகுற அமைந்தது தியாகராய நகர். ஆனால் ஏரி போன இடத்திற்கு மழை போகாமலில்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் இன்றும் அப்பெயர்களோடு இருக்கின்றன. பெயரில் ஏரி உண்டு, நிலத்தில் இல்லை. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. 2021 நவம்பரில் பெய்த மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றதையும், மாம்பலம் கால்வாயின் நிலை அப்போது பெரும் பேச்சாக இருந்ததையும் நீங்கள் அறிவீர்கள். 1923-இல் அமைத்தவர்கள் தீயவர்கள் அல்லர். பெருகிவந்த மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. தண்ணீருக்கும் ஒரு முகவரி உண்டு என்பதை அடுத்த தலைமுறையாவது மறவாதிருக்க வேண்டும்.

வீட்டு மனைகளுக்கென்று அமைத்த நகர் பின்னர் வாணிப நகராயிற்று. பக்கவெளி குறைந்தது, மாடிகள் உயர்ந்தன. விதியை மீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 1998-இல் சட்டத்தில் ஒரு பிரிவே சேர்க்கப்பட்டது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. கட்டடத்தைச் சுற்றி விடும் வெளி வீண் அன்று, அது தீயணைப்பு வண்டியும் மருத்துவ வண்டியும் வந்து நிற்கும் இடம் என்பதை அன்று ஊர் முழுதும் கண்டது. பணம் செலுத்தினால் தவறு முறையாகிவிடும் என்றால், கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியிலிருந்து விழுந்தவனுக்கு அப்பணத்தால் என்ன பயன்?

தியாகராய நகரில் நல்ல செய்தியும் உண்டு. 2019 நவம்பரில் பாண்டி பஜார்ச் சாலை, நடப்போர்க்கு முதன்மை தரும் அகன்ற நடைபாதைகளோடு திறக்கப்பட்டது. முதியோரும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் அச்சமின்றி அங்கே நடந்து செல்வதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் நடைபாதையின் அழகு, அங்கே பூவும் வளையலும் விற்றுப் பிழைத்தவன் எங்கே போனான் என்னும் கேள்வியை அடக்கிவிடக் கூடாது. 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கும் இடம் வேண்டும் என்கிறது. எளியவனுக்காக நாம் தீர்மானிப்பது ஒன்று. எளியவனோடு கூடித் தீர்மானிப்பது வேறொன்று.

மூன்றாவதாக அடையாறு. 2015 டிசம்பர் முதல் நாளன்று பெருமழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு இரு கரையும் புரண்டது. மாளிகை வீடும் மண்குடிசையும் ஒருங்கே மூழ்கின. அந்நாட்களில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்னும் வேறுபாடின்றிக் கதவுகள் திறந்தன. படகோடு வந்து மக்களை மீட்டவர்களில் மீனவர் பலர். நல்ல சமாரியன் உவமையை அன்று நாம் கண்ணால் கண்டோம்.

வெள்ளம் வடிந்தபின் கதை மாறியது. ஆற்றோரக் குடிசைகள் ஆபத்தானவை, அகற்றப்பட வேண்டும் என்னும் முடிவு ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தெற்கெல்லையைக் கடந்து பெரும்பாக்கத்துப் பல மாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. நான் பணியாற்றிய பள்ளியிலும் அத்தகைய பிள்ளைகள் படித்தனர். கல்வியாண்டின் இடையிலேயே அவர்கள் குடி பெயர்ந்தனர். சிலர் விடியுமுன் எழுந்து பேருந்தேறி வந்தனர். முதல் மாதம் வந்தவர்களில் சிலர் மூன்றாம் மாதம் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை நீக்கக் கோடிடுவது ஆசிரியனுக்கு எளிய வேலையன்று. புது வீட்டில் கூரை உறுதியானது, தண்ணீர் உள்ளே வராது. ஆனால் தாய் வீட்டுவேலை செய்துவந்த தெருவும், தந்தை கூலிக்கு நிற்கும் சந்திப்பும், பிள்ளையின் வகுப்பறையும் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுக்கு அப்பால் போய்விட்டன.

இதில் இரு பக்கத்தையும் நேர்மையாக நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆற்றின் வெள்ளவெளியில் குடியிருப்பது உயிருக்கு ஆபத்து. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது இரக்கம் ஆகாது. ஆனால் ஆற்றையும் கால்வாயையும் நெருக்கியவன் குடிசைவாசி மட்டும்தானா? 1997-இல் திருமயிலை வரை வந்த பறக்கும் இரயிலின் தூண்களும் நிலையங்களும் பக்கிங்காம் கால்வாயின் வழியிலேயே எழுந்தன. நீர்நிலைகளின்மேல் பெரிய மனிதர் கட்டடங்களும் உள்ளன. எளியவனை நீக்குவது எளிது என்பதால் அவனை மட்டும் நீக்குவது, ஆகாப் வழியே அன்றிச் சட்டத்தின் வழி அன்று.

வேறு வழி உண்டா எனில், நம் மாநிலத்திலேயே உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது என்னும் அறிஞர் அண்ணாவின் கருத்தே அதன் குறிக்கோளாக இருந்தது. பசித்தவனுக்கும் வீடற்றவனுக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்பேன் என்ற இயேசுநாதரின் போதனைக்கு இது எவ்வளவு அண்மையில் நிற்கிறது! அவ்வாரியம் தொடக்கக் காலத்தில் குடிசை இருந்த இடத்திலோ அதன் அருகிலோ அடுக்கு வீடுகளைக் கட்டித் தந்தது. 2000-ஆம் ஆண்டளவில் கண்ணகி நகர் அமைந்தது முதல் தொலைவுக்கு அனுப்பும் போக்கு வலுத்தது. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வாழ்விடம் என்பது நல்ல சொல். வாழ்வு இருக்கும் இடத்துக்கு அருகே வீடு இருந்தால்தான் அச்சொல் மெய்ப்படும். நகருக்குள் பாதுகாப்பான நிலம் தேடுவதும், கட்டாயம் இடம் மாற்ற நேரின் கல்வியாண்டு முடியும்வரை பொறுப்பதும், பள்ளியும் பேருந்தும் அமைந்தபின் மக்களை அழைப்பதும் இயலாத காரியங்கள் அல்ல.

இத்தீர்மானங்களை யார் செய்கிறார்கள்? சென்னை மாநகராட்சி 1687-இல் பட்டயம் பெற்று, 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களைப் பட்டியலிட்டது. முதற்பொருளே நகர் அமைப்புத் திட்டம். ஆயினும் சென்னையில் பெருந்திட்டம் வகுக்கும் பொறுப்பு, 1970-களில் அமைந்த பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமே இருந்துவருகிறது. 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 தேர்தலுக்குப் பின் மன்றம் கூடியது; அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தமிழகமெங்கும் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டம் 2026-ஐ இலக்காண்டாகக் கொண்டது. அதற்கடுத்த திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் தலைமுறையினர்.

எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டிய நெகேமியாவின் முறை நமக்கு வழிகாட்டும். அவர் முதலில் இரவில் சிலரோடு மட்டும் சுற்றிவந்து இடிபாடுகளைப் பார்வையிட்டார். பின்னரே மக்களைக் கூட்டினார். கெட்டிஸ் சொன்னதும் இதுவே. பொற்கொல்லரும் வணிகரும் ஆசாரியரும், ஒரு தலைவனுடைய குமாரத்திகளும் அவ்வேலையில் சேர்ந்தனர்; பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினர். கிறிஸ்தவ சபைகளும் நிறுவனங்களும் தங்கள் மதிலுக்கு உள்ளேயிருந்தே தொடங்கலாம். நகரில் நமக்குப் பரந்த வளாகங்கள் உள்ளன. அவற்றில் விழும் மழை மண்ணில் இறங்குகிறதா? பள்ளி மைதானம் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறதா? ஞாயிறு ஆராதனைக்கு வரும் நம் வண்டிகள் நடைபாதையை அடைக்காதிருக்கின்றனவா? இவற்றுக்கு விடை கூறாமல் மாநகராட்சியைக் குறை கூற நமக்கு உரிமை குறைவு.

சகரியா தீர்க்கதரிசி மீட்கப்பட்ட நகரத்தை வருணிக்கும்போது கோபுரத்தையோ அரண்மனையையோ சொல்லவில்லை. முதியோர் கையில் கோலோடு வீதிகளில் அமர்ந்திருப்பார்கள். சிறுவரும் சிறுமியரும் அங்கே விளையாடுவார்கள் என்கிறார். ஒரு நகரின் நலத்தை அளக்க இதைவிட எளிய அளவுகோலை நான் அறியேன். மாணவர்களே, வரும் விடுமுறையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து உங்கள் பள்ளியைச் சுற்றி அரைமைல் தொலைவு நடந்து பாருங்கள். மழைநீர் எங்கே போகிறது, முதியவர் ஒருவர் எந்த இடத்தில் சாலையைக் கடக்கலாம், சிறுவர் விளையாட இடம் எது, உங்கள் தெருவைப் பெருக்குபவர் எங்கிருந்து வருகிறார், வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படமும் வரையுங்கள். பகுதி சபை கூடும்போது பெரியோர் ஒருவரைத் துணைக்கழைத்துச் சென்று அதை உங்கள் வட்ட உறுப்பினரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல ஆயத்தமாகவும் செல்லுங்கள்.